மத்தியானக் கச்சேரிக்கு மௌலா அலியிலிருந்து ஒரு கூட்டம்

கூட்டம் சேர்ப்பதில் நான் கெட்டிக்காரன். சேர்த்த கூட்டத்தைச் சும்மா உட்கார வைப்பதில்தான் கொஞ்சம் போதாது. என் தங்கை வசந்தியிடம் கேட்டால், "கொஞ்சமா?" என்று கண்ணை உருட்டுவாள்.

அப்போது நான் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். வீடு ஹைதராபாத் மௌலா அலியில். வசந்தி இரண்டு பஸ் மாறி மாரெட்பள்ளிக்குப் போய்ப் பாட்டுக் கற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சென்னையில், மார்கழி சீசனில், ஒரு சபாவில் மத்தியானக் கச்சேரி கிடைத்தது. சபா செக்ரட்டரி போனில் என்னிடம் சொன்னார்: "நன்னா அமைஞ்சா அடுத்த வருஷம் சாயங்காலமே பார்க்கலாம். ஆனா மத்தியானத்துல ஆள் வராது. நீங்களே நாலு பேரைக் கூட்டிண்டு வந்தா தேவலை."

நாலு பேரா? என் தங்கை கச்சேரிக்கா? மறுநாளே ஒர்க்ஷாப் கேன்டீனில் அறிவித்துவிட்டேன். ரயில்வேக்காரன் கையில் பாஸ் இருக்கும்போது சென்னை என்ன, காஷ்மீருக்கே கூட்டம் சேர்க்கலாம். காலையில் போய் இறங்கி, கடல் பார்த்து, கச்சேரி கேட்டு, சாயங்கால வண்டியில் திரும்புவது என்று திட்டம். எங்கள் செக்ஷனில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவர் சலீம் பாய்.

சலீம் பாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மௌலா அலி மலை தர்காவில் கவ்வாலி நடந்தால் முதல் ஆளாகப் போய் உட்காருகிறவர். அங்கே பாட்டுக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. வரி நன்றாக இருந்தால் "வாஹ்!" என்பார்கள். ரொம்ப நன்றாக இருந்தால் "முகர்ரர்!" என்பார்கள், அதாவது இன்னொரு தடவை பாடு என்று. பாடகரும் மறுபடி பாடுவார். மனசு நிறைந்து தாங்கவில்லை என்றால், எழுந்து போய் ஒரு ரூபாய் நோட்டைப் பாடகர் தலையைச் சுற்றி எடுத்து முன்னால் வைப்பார்கள். அதுதான் மரியாதை. நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து வளர்ந்தவன்தான். (கர்நாடகக் கச்சேரிக்கு நான் போனதெல்லாம் வசந்தியின் சுருதிப் பெட்டியைத் தூக்கத்தான். தூக்கி வைத்துவிட்டுக் கடைசி நாற்காலியில் தூங்கிவிடுவேன்.)

சென்ட்ரலில் இறங்கியதும் நேராகக் கடற்கரை. ஹைதராபாத்காரனுக்குப் பெரிய தண்ணீர் என்றால் டேங்க் பண்டு ஏரிதான். வெல்டர் யாதகிரி ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்த்து, "நிஜமே அன்னா, உப்பே!" என்று என்னிடம் சாட்சி சொன்னான். தூரத்தில் துறைமுகத்துக்குப் போகிற கப்பல்கள் வரிசையாக நின்றன. சலீம் பாய் அவற்றை ஒவ்வொன்றாக வாய்பிளந்து பார்த்தார். வசந்தி மட்டும் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கரையில் நின்று, "அண்ணே, நேரமாச்சு! ஈரக் கால்சட்டையோட சபாவுக்குள்ள வராதீங்க!" என்று கத்திக்கொண்டிருந்தாள். கச்சேரிக்கு முன்னால் தொண்டை கட்டிக்கொள்ள அதுவே போதும்.

ஈரக் கால்சட்டையோடுதான் போனோம். முன்வரிசை முழுக்க நாங்கள். பின்னால் தொடையில் தாளம் போட்டபடி நாலைந்து பெரியவர்கள். நான் வாசலிலேயே எங்கள் ஆட்களுக்கு ஒரு பிரசங்கம் செய்திருந்தேன். "இந்த ஊர்க்காரங்க எல்லாத்தையும் கேட்டுச் சலிச்சவங்க. ஆடாம அசையாம உக்காந்திருப்பாங்க. பாடற பொண்ணு பயந்துடும். நாம அப்படி இருக்கக் கூடாது. பிடிச்சா வாய்விட்டுச் சொல்லணும், என்ன?"

"ஹவ், ஹவ்," என்று தலையாட்டினார்கள் எல்லோரும்.

முதல் இரண்டு பாட்டு வரைக்கும் அடக்கமாகத்தான் இருந்தோம். மூன்றாவதாக வசந்தி காம்போதி எடுத்தாள். அன்றைக்கு அவள் குரல் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தூங்காமல் கேட்டேன், அதிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வரியில் வந்து நின்றாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. "வாஹ்! முகர்ரர்!" என்று கத்திவிட்டேன்.

அவள் அதே வரியை மறுபடி பாடினாள்!

ஒரே வரியை வைத்துக்கொண்டு விதவிதமாகத் திருப்பித் திருப்பிப் பாடுவதற்கு நிரவல் என்று பெயராம். நாங்கள் கேட்காவிட்டாலும் அவள் அதைத்தான் பாடியிருப்பாள். இந்த விஷயம் எங்களில் யாருக்குத் தெரியும்? சலீம் பாய் பரவசமாகி, "முகர்ரர்!" என்றார். பாடினாள். யாதகிரி சொன்னான். அதற்கும் பாடினாள். முன்வரிசையே எழுந்து நின்றது. எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் பாடுகிற பொண்ணு என்று எங்கள் ஆட்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

பின்வரிசைப் பெரியவர் ஒருவர் என் தோளைத் தட்டி, "சார், அது நிரவல். அவளே பாடுவா. நீங்க உட்காருங்கோ," என்றார்.

நான் உட்கார்ந்தேன். சலீம் பாயைக் காணோம். மேடையைப் பார்த்தால் அங்கே நிற்கிறார்! பத்து ரூபாய் நோட்டு ஒன்றை வசந்தியின் தலையைச் சுற்றி எடுத்து, பயபக்தியோடு சுருதிப் பெட்டி மேல் வைத்தார். அதைப் பார்த்துப் பின்னாலேயே யாதகிரி. அவன் வைத்த நோட்டு மின்விசிறிக் காற்றில் பறந்து, மிருதங்கத்தின் இடது பக்கம் அப்பியிருந்த ஈர ரவையில் போய் ஒட்டிக்கொண்டது. மிருதங்கக்காரர் ஓங்கி ஒரு அடி அடித்தார். தகரத்தைத் தட்டியது போல ஒரு சத்தம் வந்தது. அவர் கையை எடுத்துவிட்டார். வயலின் நின்றது. வசந்தி தாளத்தைத் தவறவிட்டு, பாதி வரியில், என்னைப் பார்த்தாள்.

செக்ரட்டரி ஓடிவந்தார். "இது கச்சேரியா, கல்யாண ரிசப்ஷனா? மங்களத்தைப் பாடிட்டு எறங்கச் சொல்லுங்கோ!"

அவள் மங்களம் பாடியபோது குரல் நடுங்கியது. அடுத்த வருஷத்துச் சாயங்காலக் கச்சேரி அங்கேயே போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன்.

திரும்பும் வண்டியில் வசந்தி மேல் பெர்த்தில் ஏறிப் போர்த்திக்கொண்டாள். சலீம் பாய் கீழே நின்று, "மாஃப் கரோ பேட்டி, மன்னிச்சுடும்மா. நீ அப்படிப் பாடினே, கை நிக்கல," என்று கண்ணைத் துடைத்தார். கூடூரில் அவள் இறங்கி வந்து, அவர் கையிலிருந்த இட்லிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "உங்க மேல கோவம் இல்ல பாய்," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா நீ? நீ எதுக்கு முதல்ல கத்தினே?" என்றாள்.

அந்த சபா பிறகு அவளைக் கூப்பிடவேயில்லை. அவள் மாரெட்பள்ளியிலேயே பாட்டு டீச்சராகிவிட்டாள். சலீம் பாய் இப்போது இல்லை. அவரை நினைத்தால் அந்தக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு நின்ற முகம்தான் வருகிறது, அடிக்கடி வருகிறது. எங்கள் வீட்டில் மட்டும் கதை ஓயவில்லை. யார் கச்சேரிக்குக் கிளம்பினாலும், "மாமா வர்றாரா? அப்போ சில்லறை எடுத்துக்கோ," என்பார்கள்.

போன மார்கழியில் வசந்தியின் மகள் நித்யாவுக்குச் சென்னையில் கச்சேரி. வேறு சபா, அதே மத்தியானம். உள்ளே போகுமுன் நித்யா என்னைத் தனியாக அழைத்து, "மாமா, ப்ளீஸ். வாஹ் நக்கோ, நோட்டு நக்கோ, எதுவும் வேணாம். ஜஸ்ட் உக்காருங்க," என்றாள். நான் முன்வரிசையில் வசந்தி பக்கத்தில், கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

நித்யா நிரவல் எடுத்தாள். அம்மாவின் குரல், அப்படியே. அரங்கத்தில் ஒரு சத்தமில்லை. கையை இன்னும் இறுக்கிப் பொத்தினேன்.

"வாஹ்! முகர்ரர்!"

அரங்கமே திரும்பி என்னைப் பார்த்தது. மேடையிலிருந்து நித்யா என்னை முறைத்தாள். வாயைப் பொத்தின கையோடு நான் பக்கத்தில் திரும்பினேன். வசந்தி கன்னமெல்லாம் கண்ணீரோடு, தூக்கின கையை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அப்புறம் அவர்களோடு சேர்ந்து அவளும் என்னைப் பார்த்தாள்.

"அண்ணே," என்றாள், பின்வரிசை வரைக்கும் கேட்கும்படி, "இந்த வயசுலயாவது சும்மா இருக்க மாட்டியா?"