இந்த ஓவர் முடியட்டும்

விளையாட்டு ரசிகனுக்கு இரண்டு வேலைகள் உண்டு. தான் ஒருபோதும் ஆடாத ஆட்டத்தை எப்படி ஆட வேண்டும் என்று ஆடுகிறவனுக்குச் சொல்வது ஒன்று. தான் அசையாமல் உட்கார்ந்திருப்பதால்தான் நாடு ஜெயிக்கிறது என்று மனதார நம்புவது இன்னொன்று. தொண்ணூறுகளில், மைசூரில், இந்த இரண்டையும் நான் முழுநேரமாகப் பார்த்துவந்தேன். (சம்பளம் தந்த தொழிற்சாலையில் என்ன பார்த்தேன் என்பது சரியாக நினைவில்லை.)

என் கருத்துகளுக்கு எல்லையே கிடையாது. கால்பந்து உலகக் கோப்பையில் தோற்ற அணி யாரை எப்போது இறக்கியிருக்க வேண்டும் என்பதை பஜ்ஜிக் கடைத் தட்டில் சட்னியால் வரைந்து காட்டினேன். டென்னிஸில் சர்வீஸ் போட்டதும் வலைக்கு ஓடிவராதவன் கோழை. ஹாக்கியில் நம் தோல்விக்குச் செயற்கைப் புல்தான் காரணம் (அதை நான் கண்ணால் கண்டதில்லை). தசரா குஸ்தியில் ஜெயித்த பயில்வானின் பிடியில்கூடக் குறை சொன்னேன், அவர் காதில் விழாத தூரத்தில் நின்று. ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாடும் கர்நாடகமும் மோதும்போது மட்டும் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். பிழைக்க வந்த ஊரில் அவ்வளவு விவரமாவது இருந்தது.

இந்த மேதாவித்தனம் அரங்கேறிய இடம், நான் குடியிருந்த மாடி அறைக்குக் கீழே செல்வராஜ் அண்ணன் வீட்டுக் கூடம். கொள்ளேகாலிலிருந்து வந்து கட்டட மேஸ்திரியாக நிலைத்தவர். சந்திலேயே கலர் டிவி அவர் வீட்டில்தான். மேட்ச் நாளில் தமிழ், கன்னடம் எல்லாம் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்துவிடும்.

அவருடைய மச்சினி சுமதி, கொள்ளேகாலைத் தாண்டி இருக்கும் ஹனூரிலிருந்து வந்து அங்கே தங்கி டீச்சர் பயிற்சி படித்தாள். கோ-கோ அணியில் ஆடியவள். கூடமே என் கருத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், சமையலறை வாசலில் நின்று கேட்டாள்: "ஏனுங்க, இத்தனை ஆட்டத்தைப் பத்திப் பேசறீங்களே, ஒண்ணாச்சும் ஆடியிருக்கீங்களா?"

"கேரம்" என்றேன்.

சிரித்தாள். அந்தச் சிரிப்பை மறுபடி கேட்பதற்காகவே அதன் பிறகு பல முட்டாள்தனமான கருத்துகளை வேண்டுமென்றே சொன்னேன். (தானாக வந்தவையும் உண்டு.)

படிப்பு முடிந்தது. ஊரில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று அண்ணன் பேச்சுவாக்கில் சொன்னார். கையிலிருந்த டீயை ஆறவிட்டேன். கிளம்புவதற்கு முந்தின நாள் மாடிப்படியில் அவளே என்னை நிறுத்தினாள்.

"நாளைக்கு மூணு மணி பஸ்ஸுங்க. பெட்டி தூக்க நீங்க வர்றீங்கன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன்."

இருந்ததே ஒரு சின்னப் பெட்டி. அதைத் தூக்க ஆள் தேவையில்லை என்பது எனக்கும் புரிந்தது. 'உங்க வீட்டுல வந்து பேசட்டுமா?' என்று பஸ் நிலையத்தில் கேட்டுவிட வேண்டும். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கிரிக்கெட் இறுதிப் போட்டி. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்தேன், ஒரு விக்கெட் விழுந்தது. டம்ளரை வைக்க எழுந்தேன், இன்னொன்று. கூடம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு வலது காலை மடக்கி உட்கார்ந்தபோது சிக்ஸர் பறந்தது. அவ்வளவுதான், நாட்டின் மானம் என் வலது முழங்காலில் வந்து உட்கார்ந்துவிட்டது.

சுமதி பெட்டியுடன் வந்து நின்றாள். நான் எழப் போனேன்.

"கூத்கோ குரு!" என்று உட்காரச் சொல்லி நாலு பேர் கத்தினார்கள்.

"தம்பி, நீ எந்திரிச்சா விக்கெட்டு போகுது. அசையாதே! பெட்டிதானே, அவ பாத்துக்குவா" என்றார் அண்ணன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் என் பின்னால் வந்தாள். முதுகில் ஒரு தட்டு தட்டினாள். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"எங்க ஆட்டத்துல முதுகுல தட்டினா எந்திரிச்சு ஓடோணுங்க."

இந்த இடத்தில் ஓர் ஆண்மகன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உலகத்தின் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் யோசனை சொன்னவன் நான்.

"இந்த ஓவர் முடியட்டும், வந்துடறேன்" என்றேன்.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். அந்த ஓவர் முடிந்தது. அடுத்ததில் பவுண்டரி வந்தது, அதற்கடுத்ததில் எனக்குப் புத்தி வந்தது. எழுந்து ஓடினேன். வாசலைத் தாண்டும்போதே உள்ளே "அய்யோ!" என்று ஒரே அலறல். விழுந்தது நன்றாக ஆடிக்கொண்டிருந்தவரின் விக்கெட். திரும்பிப் பார்க்காமல் ஓடினேன், அதைக்கூட ஒரு கால் மரத்துப்போய் நொண்டிக்கொண்டுதான். பஸ் நிலையத்தில் கொள்ளேகால் பஸ் நின்ற இடம் காலியாக இருந்தது. திரும்பி வந்தபோது இந்தியா தோற்றிருந்தது. கூடத்தில் யாரும் என்னோடு பேசவில்லை. அடுத்த தை மாதம் ஹனூரில் அவள் கல்யாணம். சாப்பாடு பிரமாதம் என்று போய்வந்த அண்ணன் சொன்னார்.

அவளை இன்னும் நினைக்கிறேனா என்றால், நினைக்கிறேன். அந்த மேட்சை எப்போதாவது டிவியில் திரும்பப் போடுகிறார்கள். பார்ப்பேன், ஆனால் ஸ்கோரைக் கவனிப்பதில்லை. பஸ் இந்நேரம் நரசிபுரம் பாலத்தைத் தாண்டியிருக்கும், அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பாள் என்றுதான் மனம் கணக்குப் போடுகிறது.

என் கல்யாண விருந்தில் செல்வராஜ் அண்ணன், "மாப்பிள்ளை எந்திரிச்சுப் போனதாலதான் இந்தியா அந்த மேட்ச்சுல தோத்துச்சு" என்று மைக்கில் அறிவித்துவிட்டார். அன்று அதைப் பிடித்துக்கொண்டாள் என் மனைவி. "இந்தியா தோத்தாலும் பரவாயில்ல, எந்திரிச்சு கேஸ் சிலிண்டரை மாத்துங்க" என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர்களுக்குத் தெரிந்தது நான் எழுந்து போன கதை. எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த கதையை யாருக்கும் சொன்னதில்லை. ஆனால் யார் எழுந்திருக்கச் சொன்னாலும், பந்து பாதி வழியில் இருந்தாலும், உடனே எழுந்துவிடுகிறேன். ஒரு சொல்லுக்கு எழுந்து நிற்கிற இப்படியொரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அவள் தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.