கேள்விக்குப் பயப்படாதவன்

வீட்டு விஷயங்களில் இனி நானே முடிவெடுப்பது என்று முடிவெடுத்தேன். முப்பது ஆண்டுகள் ஆலை வாசலில் நின்று முதலாளிகளை எதிர்த்து முழங்கியவன் நான். மனைவியிடம் மட்டும், நான் வாய் திறப்பதற்குள் கூட்டம் கலைந்துவிடும்.

காரணம் என் மகள். பிந்திப் பிறந்தவள், மூன்றாம் வகுப்பு. கடகடவென்று படிப்பாள். படித்தது என்ன என்று கேட்டால் கூரையைப் பார்ப்பாள். இந்தப் பருவம் முடிவதற்குள் சொந்தமாக யோசித்துச் சொல்லாவிட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம் என்று ஆசிரியை என் மனைவியை அழைத்துச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து குழந்தை சரியாகச் சாப்பிடவில்லை.

"இனிமே நான் சொல்லித் தர்றேன்" என்றேன்.

மனைவி தையல் மெஷினிலிருந்து நிமிரவில்லை. "எதை வச்சு?"

"நான் என்ன காலேஜா போனேன்? சங்கத் துண்டறிக்கை படிச்சும் எழுதியுமே ஆளானவன். அதை வச்சுத்தான்."

சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"நல்ல யோசனைங்க. நீங்க எழுதினதையே குடுங்க. ஒரே நிபந்தனை, அவ என்ன கேட்டாலும் மழுப்பாம பதில் சொல்லணும்."

"கேள்விக்குப் பயப்படறவனா நான்?"

எதையும் யோசிக்காமல் ஒப்புக்கொள்ளாதே என்று ஆயிரம் தொழிலாளிகளுக்குச் சொன்னவன், உடனே ஒப்புக்கொண்டேன்.

பழைய வேலைநிறுத்தத் துண்டறிக்கை ஒன்றோடு முதல் பாடம் கம்பீரமாகத் தொடங்கியது. நிமிர்ந்து நிற்கவும், குரலை உயர்த்தவும், பத்திக்குப் பத்தி கைதட்டலுக்கு இடம் விடவும் கற்றுக்கொடுத்தேன். படித்து முடித்தாள். கைதட்ட ஆளில்லை. மெஷின் சத்தமும் நின்றது.

"உனக்கு எது இடிக்குதோ அதை அப்பாகிட்ட கேளுடி" என்றாள் மனைவி.

மகள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெற்றி நமதேன்னு போட்டிருக்கே. ஜெயிச்சீங்களாப்பா?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

"அது வேலைநிறுத்தத்துக்கு முன்னாடி அடிச்சது."

"முன்னாடியே எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஒரு நம்பிக்கை."

"எல்லாரும் நம்பினாங்களா?"

"நம்பினாங்க."

"அவங்கல்லாம் இப்ப எங்கப்பா?"

காவல் நிலையத்தில்கூட என்னை இப்படி யாரும் விசாரித்ததில்லை. பாதிப் பேருக்கு வேலை போனது. ஊரைவிட்டுப் போனவர்கள் போனார்கள். எங்களை முதலாளியிடம் விலை பேசி விற்ற சங்கத் தலைவர் மட்டும் மாடி வீட்டில் இருக்கிறார். மழுப்பாமல் சொன்னேன். குழந்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். மனைவி ஊசியில் நூல் கோக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

பிறகு மாலைதோறும் ஒரு துண்டறிக்கை, மாலைதோறும் ஒரு தோல்வி.

"ஒட்டுமொத்த மக்களும் திரண்டனர்னு இருக்கு. அம்மாவும் வந்தாங்களா?"

"நான் எங்க போனேன்? கைக்குழந்தையா இருந்த உன்னைத் தூக்கிட்டு வீட்ல இருந்தேன்."

"அப்ப ஒட்டுமொத்தம் இல்லையேப்பா."

பருவம் முடிந்தது. மகள் தேறிவிட்டாள். படித்ததைத் தன் சொல்லில் சொன்னதோடு, பாடத்தில் இடிக்கிற இடத்தையும் காட்டினாளாம். வீட்டில் இப்போது இரண்டு தட்டு சாப்பிடுகிறாள். பாராட்டை ஏற்க, தேய்த்த சட்டையோடு நானும் பள்ளிக்குப் போனேன்.

ஆசிரியை என்னைத் தாண்டி மனைவியிடம் போனார்.

"நான் சொன்னபடியே செஞ்சிருக்கீங்கம்மா. முன்னுக்குப் பின் முரணான எழுத்தாக் குடுங்க, ஓட்டையை அவளே கண்டுபிடிக்கட்டும்னேன். அப்படிப்பட்ட எழுத்துக்குக் கஷ்டப்பட்டிருப்பீங்களே?"

"கஷ்டமே இல்ல டீச்சர்" என்றாள் என் மனைவி. "எழுதறவரையே கட்டியிருக்கேன்."