இன்ஸ்பெக்டர் தலைப்பாகை (ஒன்று)

சொன்னதை அப்படியே செய்கிற பிள்ளையைப் போல ஆபத்தான பிள்ளை உலகத்தில் கிடையாது. என்னைத்தான் சொல்கிறேன். வெள்ளைக்காரன் மூட்டை கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நாற்பதுகளில், திருத்தணிப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு, படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். மலையடிவாரத்தில் தேங்காய்க் கடை வைத்திருந்த என் அப்பா, எங்கள் நைனா, "ஸ்கூல்லேர்ந்து ஒரு புகார் வரட்டும், அன்னியோட படிப்புக்கு முழுக்கு" என்று சொல்லித்தான் அனுப்பினார். (புகாரா? என் மேலா? திமிர்!)

சயின்ஸ் வாத்தியார் பரிசோதனையை எழுதும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். நோக்கம், சாதனங்கள், செய்முறை, கண்டது, முடிவு.

"நான் ஊத்தினேன், நான் கொளுத்தினேன்னு எழுதாதீங்க. சயின்ஸ்ல நான், நீயெல்லாம் கெடையாது. ஊற்றப்பட்டது, கொளுத்தப்பட்டது. அவ்ளோதான்! நடந்ததுல ஒண்ணையும் விடாதீங்க, நடக்காததைச் சேக்காதீங்க!"

ஆஹா! எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. வீட்டில்கூட, "அம்மா, சோறு தின்னப்பட்டது" என்றுதான் பேசினேன்.

பள்ளிக்கூடங்களைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் வந்த அன்று வாத்தியார் என்னையே மேசைக்குக் கூப்பிட்டார். தாம்பாளத் தண்ணீரில் மெழுகுவர்த்தியை நிறுத்திக் கொளுத்தி, கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தால், சுடர் அணையும், தண்ணீர் தம்ளருக்குள் ஏறும். கடைசி பெஞ்சுக்கும் தெரிய வேண்டுமே என்று தண்ணீரில் குங்குமம் கரைத்திருந்தோம். கொளுத்தினேன். என்ன ஆர்வமோ, இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். அவருடைய சரிகைத் தலைப்பாகையின் வால் முன்னால் சரிந்து சுடரில் விழுந்தது.

குப்பென்று பற்றிக்கொண்டது!

ஹெட்மாஸ்டர் "ஐயோ!" என்றார். வாத்தியார் "முருகா!" என்றார். நான் தாம்பாளத்தைத் தூக்கி இன்ஸ்பெக்டர் தலையில் கவிழ்த்தேன். (ஆரத்தி என்றால் சுற்றிவிட்டாவது கொட்டுவார்கள்!) தீ அணைந்தது. கோட்டெல்லாம் குங்குமம் சொட்டச் சொட்ட நின்ற மனிதர், கௌரவத்தை மட்டும் விடாமல், "உம், எல்லாரும் எழுதுங்க" என்றார். எழுதினோம்.

"நீ வாசிம்மா" என்று இன்ஸ்பெக்டர் என்னைக் காட்டினார்.

எனக்கு ஒரே குஷி. கணீரென்று வாசித்தேன்:

"சாதனங்கள்: தாம்பாளம், மெழுகுவர்த்தி, தம்ளர், குங்குமத் தண்ணீர், இன்ஸ்பெக்டர் தலைப்பாகை (ஒன்று). செய்முறை: மெழுகுவர்த்தி கொளுத்தப்பட்டது. தலைப்பாகை கொளுத்தப்பட்டது. தலையில் தண்ணீர் ஊற்றப்பட்டது. கண்டது: தலைப்பாகை கறுத்தது. இன்ஸ்பெக்டர் சிவந்தார்."

"கொளுத்தப்பட்டதா? யாரு கொளுத்தினது?" என்று அவர் கத்தினார்.

"யாருன்னு எழுதக் கூடாதுங்க ஐயா! சயின்ஸ்ல ஆளே கெடையாதுங்க!"

இன்ஸ்பெக்டர் என் பென்சிலைப் பிடுங்கி அந்தச் சொல்லை அடித்து, 'பற்றிக்கொண்டது' என்று எழுதினார். "தானா பத்திக்கிச்சும்மா. கொளுத்தப்பட்டதுன்னா போலீஸ் வரும்" என்றார்.

அந்தக் கோலத்திலேயே அவர் ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தார். (மலைக்கு வந்தவர்கள், என்ன வேண்டுதலோ என்று கும்பிட்டார்களாம்!) சேதி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. வாசலில் நைனா நிற்பதைப் பார்த்தபோதுதான் அந்த 'முழுக்கு' ஞாபகம் வந்தது.

"இன்னாடி, இன்ஸ்பெக்டரைக் கொளுத்திட்டியாமே? ஊரே பேசிக்கினு இருக்குது!"

"நான் கொளுத்தல நைனா..." அழுதுகொண்டே நோட்டை நீட்டினேன்.

"நீயே படி."

விக்கி விக்கிப் படித்தேன். 'இன்ஸ்பெக்டர் சிவந்தார்' என்ற இடத்தில் நைனாவின் மீசை துடித்தது. தொலைந்தோம், நாளை முதல் தேங்காய் உரிக்க வேண்டியதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். குபீரென்று ஒரு சிரிப்பு! சிரித்த சிரிப்பில் கால் பட்டு, பக்கத்திலிருந்த மோர்ச் சட்டி உருண்டது.

"யாரு மோரைக் கொட்டினது?" என்று அம்மா உள்ளேயிருந்து அதட்டினாள்.

நைனா முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சொன்னார்: "கொட்டப்பட்டது!"

இன்றுவரை எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் உடைத்தவர் அகப்படுவதில்லை. உடைக்கப்பட்டது, அவ்வளவுதான். போன வாரம் என் மூக்குக்கண்ணாடிகூட மிதிக்கப்பட்டது. மிதிபடட்டும். என் படிப்பு நிறுத்தப்படவில்லையே!