மௌனம் எண் ஏழு குசினிக்கு வந்த வரலாறு

ஏலம் கேட்பது எப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஹோம்புஷ் தமிழ் முஸ்லிம் நலன்புரிச் சங்கத்தின் செயலாளர் என்ற பொறுப்பான பதவியில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன். வருடா வருடம் பெருநாள் ஒன்றுகூடலில் சங்கத்தின் கட்டட நிதிக்காக ஏலம் நடத்துகிறோம். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் ஒரு தட்டு வரும். அதைக் கடையில் வாங்கும் விலையைப் போலப் பத்து மடங்கு கொடுத்து ஒருவர் எடுப்பார். எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் மரியாதை போய்விடும். எழுந்து நின்று, "திருப்பி விடுங்க" என்று சொல்ல வேண்டும். சபை 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் முழங்கும். அதே தட்டு மறுபடி ஏலத்துக்கு வரும். இன்னொருவர் எடுப்பார், அவரும் திருப்பி விடுவார். இருட்டுவதற்குள் அந்த ஒரு தட்டு பல பெரிய மனிதர்களுக்குச் சொந்தமாகியிருக்கும். கட்டடம் இன்னும் எழும்பவில்லை, ஆனால் நிதி நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது.

இந்தக் கலையில் கரைகண்டவர் நூர்தீன் நானா. ஹோம்புஷ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஒரு பொருள் கேட்பாரற்று நிற்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது ஏலத்துக்கு வந்த பொருளுக்கும் அவமானம், சபைக்கும் அவமானம் என்பார். யாரும் கேட்காவிட்டால் தானே கையைத் தூக்கி ஏலத்தைச் சூடாக்குவார்.

அவருடைய மனைவி ஆசியா உம்மாவுக்கு வாழ்க்கையில் இருந்த ஆசை ஒன்றே ஒன்று. புதுக் குசினி. அவர் சமைக்கும் பழைய குசினியில் அலுமாரியைத் திறந்தால் கதவு கையோடு வந்துவிடும். குசினி வேலை செய்யும் சிறிதரன் பலமுறை வந்து அளந்துவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொரு முறையும் கடைக்கு ஒரு செலவு வந்து காசு கரைந்துவிடும். இந்த வருடம்தான் முழுத்தொகையும் வங்கியில் சேர்ந்தது. சுவருக்கு என்ன வெள்ளை என்றுகூட ஆசியா உம்மா தெரிவு செய்துவிட்டார். வெள்ளையில் எத்தனை வெள்ளை இருக்கிறது என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் கௌரிசங்கர் கடைக்கு வந்தார். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை. முதலீடு என்று எது புதிதாக வந்தாலும் முதல் ஆளாக இறங்குவார். மெல்பேர்னில் கிரான்பர்ன் பக்கம் போய்ப் பார்க்காமலே ஒரு வீடு வாங்கினார். அடுத்த வருடம் கண்ணுக்கே தெரியாத நாணயம் வாங்கினார். இந்த வருடம் சிற்பம்.

"பாய், வீடெல்லாம் பழைய கதை. கூரை ஒழுகும், குடியிருக்கிறவன் சண்டை போடுவான். சிற்பம் ஒழுகாது, பேசாது. விலை மட்டும் ஏறிக்கிட்டே இருக்கும்."

"தின்னுமா?" என்று கேட்டார் நூர்தீன் நானா.

"தின்னாது பாய்."

"அப்ப நல்ல சாமான்தான்."

சிற்ப ஏலத்துக்குச் சும்மா துணைக்கு வருவதாகச் சொல்லித்தான் நானா போனார். நானும் போனேன். சீஸ் சாண்ட்விச் இலவசம் என்று கௌரிசங்கர் சொல்லியிருந்தார்.

ஏல நிறுவனத்தின் மண்டபத்தில் அந்தப் பொருள் தனியாக நின்றது. ஹோவர்ட் கிரிம்ஷா என்ற நவீன அமெரிக்கச் சிற்பி செய்தது. மூன்று இரும்புத் துண்டுகள் ஒன்றில் ஒன்று சாய்ந்திருந்தன, நடுவில் ஒரு ஓட்டை இருந்தது. பெயர் 'மௌனம் எண் ஏழு'. மற்ற ஆறு மௌனங்களும் அமெரிக்காவில் இருக்கின்றனவாம். நவீனச் சிற்பப் பிரிவின் பொறுப்பதிகாரி கலாநிதி பெனலோப்பி வார்ட் எங்களுக்கு விளக்கம் தந்தார். இந்தப் படைப்பு தன்னைப் பார்ப்பவரைப் பார்க்க மறுக்கிறது என்றார்.

நூர்தீன் நானா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இது முடிஞ்ச வேலையா, இன்னும் மிச்சம் இருக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பொறுப்பதிகாரியின் கண்கள் கலங்கிவிட்டன. விமர்சகர்கள் ஒரு தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியே அதுதானாம். உடனே நூர்தீன் நானாவின் பெயரைப் பதிந்து, ஏலம் கேட்கும் எண் அட்டை ஒன்றைத் தன் கையாலேயே கொடுத்தார்.

ஏலம் தொடங்கியது. கலை வாழ்வது உங்கள் எல்லோருடைய பெருந்தன்மையிலும்தான் என்று ஏலம் விடுபவர் ஆரம்பித்தார். நூர்தீன் நானா தலையாட்டினார். எங்கள் கட்டட நிதிக்கு நான் பேசுவதும் ஏறக்குறைய இதுவேதான். மௌனம் எண் ஏழு வந்தபோது சபையும் மௌனமாகிவிட்டது. கௌரிசங்கர் விலையைக் கேட்டதும் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டத் தொடங்கினார். ஏலம் விடுபவர் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், முகம் சுருங்கிப் போனது. பாவம், நல்ல கோட்டுப் போட்ட மனிதன்.

நூர்தீன் நானா அட்டையைத் தூக்கினார்.

தொலைபேசியில் இருந்த யாரோ ஒருவர் கூட்டிக் கேட்டார். நானா என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா அஹ்மத், சூடு பிடிச்சிட்டு" என்றார். அவர் தூக்க, தொலைபேசி தூக்க, சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. கடைசியில் தொலைபேசி ஓய்ந்தது. சுத்தியல் விழுந்தது. நூர்தீன் நானா எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, சபைக்கு நடுவே சொன்னார்:

"திருப்பி விடுங்க!"

கௌரிசங்கர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். தக்பீர் ஒன்றும் கேட்கவில்லை. அதிகாரிகள் மூலையில் கூடிப் பேசினார்கள். பிறகு பொறுப்பதிகாரி வந்து தீர்ப்புச் சொன்னார்.

"வாங்கியதை உடனே விற்பதற்கு விதிகளில் தடையில்லை. வழக்கமாக வாங்குபவர்கள் கலையை நேசிப்பதாகக் கொஞ்சக் காலம் காட்டிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் விற்பார்கள். இவர் அந்தப் பாசாங்கை நீக்கிவிட்டார். மிகத் துணிச்சலானவர். அடுத்த ஏலத்தில் சேர்த்துக்கொள்கிறோம். வாங்கியதற்கான பணத்தை மட்டும் இந்த வாரத்துக்குள் செலுத்திவிடவும்."

அந்தக் கடைசி வசனத்தை நானா எதிர்பார்க்கவில்லை. தர்மத்துக்கு விட்ட பொருளுக்கு எங்கள் சங்கம் ஒருநாளும் இப்படி அவசரப்படுத்தியதில்லை.

ஆசியா உம்மாவிடம் அவர் விஷயத்தைச் சொன்னபோது துணைக்கு என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"குசினிக் காசு எங்க?"

"திருப்பி விட்டிருக்கு."

"எங்க திருப்பி?"

"ஏலத்துக்கு."

"என்ன சாமான் எடுத்தீங்க?"

"இரும்பு."

ஆசியா உம்மா கையில் இருந்த அலுமாரிக் கதவை மெதுவாக மேசையில் வைத்தார். "அதுல எத்தன அலுமாரி செய்யலாம்?" என்று கேட்டார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெங்காயம் உரிக்கப் போனார். எனக்கு உண்மையாகவே மனம் கஷ்டமாகிவிட்டது.

சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது. மேற்படி இரும்பு அடுத்த ஏலத்தில் நல்ல விலைக்குப் போனால் குசினி உண்டு, போகாவிட்டால் இல்லை என்ற நிலைமை விளக்கப்பட்டது. உறுப்பினர்கள் அனைவரும் ஏலத்துக்குச் சமுகமளித்து, விலையைச் சூடாக்குவது என்றும், எக்காரணம் கொண்டும் எவரும் அதை வாங்குவதில்லை என்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. கை தூக்கும் பொறுப்பு கௌரிசங்கரின் மனைவி ராதாவுக்கு. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை டாக்டர், கை நடுங்காது, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்றும் தெரியும். சங்கத்தில் இல்லாதவராக இருந்தும் ஆசியா உம்மாவுக்காக லீவு போட்டு வந்தார்.

இதற்கிடையில் கலைப் பத்திரிகைகள் நூர்தீன் நானாவைக் கண்டுபிடித்திருந்தன. 'உடைமையை மறுக்கும் சேகரிப்பாளர்' என்று ஒரு கட்டுரை வந்தது. அதனால் மண்டபம் நிரம்பிவிட்டது. பணக்காரர்கள் வாழும் வூலாராவிலிருந்து வந்த ஒரு வயோதிபர் உண்மையாகவே வாங்கும் முகத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆட்கள் கோட்டும் சேலையும் அபாயாவுமாகப் பின்வரிசைகளை நிறைத்திருந்தார்கள்.

எல்லாம் தீர்மானத்தின்படியே நடந்தது. வயோதிபர் தூக்கினார், ராதா தூக்கினார். போன ஏலத்து விலை தாண்டியது. குசினி வந்துவிட்டது. இன்னும் ஏறியது. குசினிக்குக் குளிர்சாதனப் பெட்டியும் வந்துவிட்டது. ராதா இன்னொரு முறை தூக்கினார். வயோதிபர் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். இனி ஒரே ஒரு தடவை அவர் தூக்கினால் போதும்.

எனக்குப் பக்கத்தில் இருந்த ஆசியா உம்மா இரும்பைப் பார்க்கவில்லை. ராதாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவட குசினிக்கு நடுவில ஒரு தீவே இருக்கு" என்றார் மெல்ல. "கல்லு மேசைத் தீவு, சுத்தி நிண்டு சமைக்கலாம். இப்ப இதும் வேணுமா அவவுக்கு?"

"அவ உங்களுக்காகத்தானே கேக்கிறா."

"எனக்காக எண்டா, ஏன் சிரிக்கிறா?"

நான் பதில் சொல்வதற்குள் நூர்தீன் நானாவின் மடியில் கிடந்த பழைய எண் அட்டையை எடுத்து, ஆசியா உம்மா உயரத் தூக்கிவிட்டார்.

வயோதிபர் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தோடு போட்டி போட அவருக்குத் துணிவு வரவில்லை. அட்டையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். ராதா வாயில் கையை வைத்தார். சுத்தியல் விழுந்தது.

உடனே அதிகாரிகள் வந்தார்கள். எங்களுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. விற்பவரோ அவருடைய ஆளோ ஏலம் கேட்கக்கூடாது என்பது விதி. இது செல்லாது என்று சொல்லிவிட்டால் தப்பித்தோம்.

பொறுப்பதிகாரி மிகுந்த கவனத்துடன் கேட்டார்: "அம்மணி, நீங்கள் உங்கள் கணவரின் சார்பில் கேட்டீர்களா?"

கௌரிசங்கர் தமிழில் சொன்னார்.

"அவர்ட சார்பிலயா?" என்றார் ஆசியா உம்மா. "கலியாணம் முடிச்ச நாளையில இருந்து நான் அவருக்கு எதிராத்தான் இருக்கன்."

கௌரிசங்கர் நேர்மையானவர், அப்படியே மொழிபெயர்த்தார். அதிகாரிகள் ஆலோசித்து, ஆசியா உம்மா முற்றிலும் சுயாதீனமான கொள்வனவாளர் என்று முடிவு செய்து கைகொடுத்தார்கள். ஹோவர்ட் கிரிம்ஷாவின் படைப்புக்கு இந்தப் பக்கத்தில் இதுவரை கிடைக்காத விலை அது. சபை எழுந்து நின்று கைதட்டியது. பழக்கதோஷத்தில் நாங்களும் தட்டினோம்.

மனைவி கொடுக்க வேண்டிய பணம் கணவனுக்கு வர வேண்டிய பணம் என்பதால் அது வீட்டைவிட்டு நகரவே இல்லை. விற்றவரிடம் ஒரு கமிஷன், வாங்கியவரிடம் ஒரு கமிஷன் என்று ஏல நிறுவனம் எடுத்துக்கொண்டது. அதற்கு நானா கடை வேனை விற்றார். இப்போது அரிசி மூட்டை காரின் பின்சீட்டில் பெல்ட் போட்டுப் போகிறது.

"அக்கா, பேப்பர்ல பாத்தா நீங்க இப்ப எங்களவிடப் பெரிய ஆளு" என்று கௌரிசங்கர் ஆறுதல் சொன்னார்.

"பேப்பர்ல சோறாக்க ஏலுமா?" என்றார் ஆசியா உம்மா.

அடுத்ததாக, இரும்பை வீட்டில் எங்கே வைக்கலாம் என்று பார்க்கக் காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ், நிறுவனத்தின் பரிசோதகர் பார்த்தசாரதி வந்தார். எங்கள் தமிழ் ஆள்தானே, அனுசரித்துப் போவார் என்று நினைத்தோம். அவர் நிலத்தைத் தட்டித் தட்டி வீடு முழுக்க நடந்தார். மற்ற அறைகளுக்கெல்லாம் பலகைத் தரை, இந்த எடையைத் தாங்காது. பின்பக்கம் கொங்கிரீட் போட்டுக் கட்டிய குசினி ஒன்றுதான் தாங்கும். கராஜில் ஈரம், அங்கே வைத்தால் காப்புறுதி கிடையாது.

"இங்கதான் வைக்கணும் மேடம். ஆனா ஆவி கூடாது, எண்ணெய்ப் புகை கூடாது, தாளிக்கவே கூடாது."

"குசினியில சமைக்கக் கூடாதா?"

"இது இனிமே குசினி இல்ல மேடம். வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட காட்சிக்கூடம்."

ஆகவே வேன் விற்ற காசின் மிச்சத்தில் சிறிதரன் கடைசியில் வந்தேவிட்டார். பழைய அலுமாரிகளைக் கழற்றினார். ஒழுகும் குழாயை அடைத்தார். கூரையில் சின்னச் சின்ன விளக்குகள் பதித்தார். சுவருக்கு ஆசியா உம்மா தெரிவு செய்து வைத்திருந்த அதே வெள்ளையை அடித்தார். அடுப்பு கராஜுக்குப் போனது. நடுவில் மௌனம் எண் ஏழு வந்து நின்றது.

திறப்பு விழாவுக்கு எல்லோரையும் அழைத்திருந்தார்கள். வாய்விட்டுச் சிரித்துவிடக் கூடாது என்று என் மனைவி நுஹாவும் நானும் காரிலேயே பேசி வைத்துக்கொண்டுதான் போனோம். ஆசியா உம்மா புதுச் சேலையில் வாசலில் நின்று வரவேற்றார். இவ்வளவு காலமும் அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காத டாக்டர்மாரின் மனைவிமார் எல்லாம் வந்திருந்தார்கள். எல்லோரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இரும்பைச் சுற்றி நடந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஆசியா உம்மா கராஜிலிருந்து தேத்தண்ணீர் கொண்டுவந்தார். கேட்டவர்களுக்கு, "இது நம்மளப் பாக்காது, நாமதான் அதப் பாக்கணும்" என்று விளக்கினார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. சொல்லப்போனால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

ராதா நெடுநேரம் அந்த ஓட்டைக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கணவரைப் பார்த்து, "ஏங்க, நம்ம தீவ எடுத்துட்டா எவ்வளவு இடம் வரும்?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் நுஹா நேரே எங்கள் குசினிக்குப் போனாள். காலால் தரையைத் தட்டிப் பார்த்தாள். பிறகு மேசை லாச்சியிலிருந்து அளவு நாடாவை எடுத்து வந்து விரித்தாள்.

நாடாவின் மறுமுனையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.