மூணு நிமிஷம் அண்ணாத்தே அடித்த மணி

கொட்டாவியைக்கூட நேரம் பார்த்து விட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் திருமுல்லைவாயிலில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பெயர் யாருக்கும் தெரியாது. 'மூணு நிமிஷம் அண்ணாத்தே' என்றால் ரயில்வே ஸ்டேஷன் வரை தெரியும்.

கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். மூன்று நிமிடம் பஞ்சர் ஒட்டுவார். வாட்ச் கத்தியதும் ஸ்டூலில் ஒரு நிமிடம் ஓய்வு. டியூப் பாதியில் கிடந்தாலும் சரி.

"ஆபீசுக்கு லேட்டாவுது அண்ணாத்தே!"

"ரவுண்டு முடிஞ்சிடுச்சு நைனா, குந்து."

எதிரே இஸ்திரி வண்டி போட்டிருந்த என்னிடம் பேச வந்தாலும் ஒரே நிமிடம்தான். கூச்சக்காரனான நான் வாயைத் திறப்பதற்குள் அது முடிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் காரணம், மூன்று நிமிட ரவுண்டும் ஒரு நிமிட ஓய்வுமாக நடந்த ஒரு பழைய குத்துச்சண்டை. ரயில்வே தொழிலாளி ஒருவரும் துறைமுகத் தொழிலாளி ஒருவரும் மோதியது. அதனால் வடசென்னையில் நின்றுபோன கல்யாணங்கள்கூட உண்டு. ரயில்வேக்காரர் கீழே விழுந்து, பத்து எண்ணினால் தோல்வி என்ற நிலையில் நடுவர் எட்டு எண்ணியபோது ரவுண்டு முடிந்து மணி அடித்தது. தப்பித்தவர் அடுத்த ரவுண்டில் ஜெயித்துவிட்டார். மணி அடித்தது ரயில்வே கட்சிக்காரரான நம் அண்ணாத்தே. மூன்று நிமிடம் ஆவதற்கு முன்பே அடித்துவிட்டார் என்று துறைமுகமே கொதித்தது.

அங்கே வேலை பார்த்த அவருடைய மச்சான் அதற்கப்புறம் அக்கா வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கிறிஸ்துமசுக்கு வந்தாலும் வாசலோடு சரி.

"இன்னா மாமா, பத்து மணிக்கே பன்னண்டு அட்ச்சிட்டியா?"

கொரோனாவுக்கு அடுத்த வருடம் ஒரு பெண் அந்தச் சண்டையை ஆவணப்படமாக எடுத்து, எங்கள் சர்ச் ஹாலில் போட்டுக் காட்டினார். பழைய படச்சுருள் எங்கேயோ கிடைத்ததாம். திரை மூலையில் அந்த ரவுண்டின் நேரம் ஓடியது. மச்சான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அண்ணாத்தே கதவருகே வாட்சைப் பிடித்தபடி நின்றார்.

ரயில்வேக்காரர் விழுந்தார். ஆறு, ஏழு, எட்டு. டங்! படம் அப்படியே நின்றது. மூலையில் மூன்று நிமிடம், இரண்டு விநாடி.

மச்சான்தான் முதலில் எழுந்தார். "யோவ் மாமா! நீ லேட்டாத்தான்யா அட்ச்சிகீறே! எங்காளுக்கு ரெண்டு செகண்டு ஓசியா குட்த்துகீறே!"

ஓடிப்போய் அவரைக் கட்டித் தூக்கினார். விசில் பறந்தது. அதில் ஒன்று என்னுடையது. என் வாழ்க்கையில் முதல் விசில்.

மச்சான் தோளில் இருந்த அண்ணாத்தே மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார். "ரெண்டு செகண்டு தப்பு பண்ட்டேனே!"

அன்று மச்சான் அக்கா கையால் மூன்று தட்டு பிரியாணி சாப்பிட்டார். மறுநாள் அண்ணாத்தே என் வண்டிப் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு, சண்டைக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒரு நிமிடம் ஆனதும் வாட்ச் கத்தியது.

அவர் எழுவதற்குள் நான் கையை நீட்டி அதை நிறுத்தினேன்.

"அப்பாலே இன்னா ஆச்சு, அண்ணாத்தே?"