ஆளுக்கொரு ஓவர்

நான் மிகவும் நல்ல மனிதன். அதனால்தான் என் மச்சானின் பேஸ்பால் அணி நாசமாய்ப் போனது.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி சீலன். டொரொண்டோவில் வளர்ந்தவன். லண்டனுக்கு வந்தபோது எங்களைத் தவிர அவனுக்கு இங்கே ஒருவரையும் தெரியாது. லண்டனின் மிச்சம் என்ற ஊர்ப் பக்கம் கிரிக்கெட் விளையாடித் திரிந்த பெடியங்களைக் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்து, மூன்று வருடமாக ஒரு பேஸ்பால் அணியைக் கட்டி எழுப்பியிருந்தான். அந்தப் பெடியங்கள்தான் அவனுக்கு லண்டன். அந்த வருடத்தின் கடைசி ஆட்டத்தில் தோற்றால் லீக்கை விட்டே வெளியே. அந்த ஞாயிறு காலையில் பார்த்து அவன் மனைவிக்குப் பிள்ளைவலி கண்டுவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தான். "அத்தான், இண்டைக்கு நீங்கள்தான் பொறுப்பா நிக்கோணும். ரூபன் எறியட்டும். அவன் களைச்சால் மட்டும் மற்ற மூண்டு பேரிலை ஒராளை இறக்குங்கோ. அவசரப்படாதேங்கோ. விளங்குதோ?"

"ஓம் ஓம், நீ பிள்ளையைப் பார்" என்றேன். (யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்து இரண்டாம் கிரிக்கெட் அணிக்கே கப்டனாக இருந்த எனக்குப் பாடம் எடுக்கிறான் பாருங்கள்!)

ரூபன் அருமையாக எறிந்தான். ஏழு இன்னிங்ஸ் ஆட்டத்தில் மூன்று முடிய, நாங்கள் ஆறு, அவர்கள் ஒன்று. அப்போதுதான் என் கண் புல்தரைப் பக்கம் போனது. எறியக் காத்திருந்த மூன்று பெடியங்களின் வீட்டுக்காரரும் பாய் விரித்து, பற்றிஸ் பலகாரமும் பிளாஸ்கில் தேத்தண்ணியுமாக இருந்தார்கள். ஒரு குடும்பம் லண்டனின் மறுகோடியிலுள்ள செவன் கிங்ஸிலிருந்து ரயில் மாறி மாறி வந்திருந்தது. அவ்வளவு தூரம் வந்தவர்களின் பிள்ளை ஒரு பந்துகூட எறியாமல் வீட்டுக்குப் போவதா? கலியாண வீடுகளில் ஒருவரும் சாப்பிடாமல் போய்விடக்கூடாது என்று ஓடித் திரிந்தே பழகிய மனசு. கேட்கவில்லை.

ரூபனைக் கூப்பிட்டேன். "தம்பி, கொஞ்சம் இளைப்பாறு. கடைசியிலை நீதான் வந்து முடிக்கிறாய்."

அவன் ஒரு மாதிரிப் பார்த்தான். "கடைசியிலையோ? அண்ணை, அது வந்து..."

"சொன்னாக் கேள்."

கேட்டான். எங்கள் பெடியங்கள் கவுன்சில்காரனோடு நாள் முழுக்க வாதாடுவார்கள். ஒருவரை 'அண்ணை' என்று கூப்பிட்டுவிட்டால் அவர் முன்னால் வாய் திறக்கமாட்டார்கள். மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு இன்னிங்ஸ் கொடுத்தேன். பாய்களிலிருந்து ஒரே கைதட்டல், எனக்கோ சொல்லமுடியாத சந்தோஷப் புளுகம். எதிரணி மெல்ல மெல்ல ஏறி வந்தது உண்மைதான். என்றாலும் ஏழாவது இன்னிங்ஸில் நாங்கள் இன்னும் ஒரு ஓட்டம் முன்னால். அவர்கள் கடைசியாக அடிக்கும் முறை மட்டும்தான் பாக்கி என்று மூன்றாமவனையும் வெளியே எடுத்தேன்.

"வா ரூபன், வந்து முடி!"

அம்பயர் கையை நீட்டி மறித்தார். பேஸ்பாலில் வெளியே எடுத்த ஆளை எடுத்ததுதானாம். அந்த ஆட்டத்தில் திரும்ப இறக்க முடியாதாம்.

"உனக்கு இது தெரியுமோடா?"

"தெரியும் அண்ணை. நீங்கள் ஏதோ பிளான் வைச்சிருக்கிறியள் எண்டு நினைச்சம்."

மைதானத்தில் நின்றவர்களில் யார் எறிகிறீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினார்கள். ஆள் குறைந்தால் உதவும் என்று சீலன் என் பெயரையும் பட்டியலில் போட்டிருந்தான். நானே இறங்கினேன். (ஐயோ, என் துணிவே!)

நாலு பந்து தப்பிப் போனால், அடிக்க வந்தவர் சும்மா நடந்து போய் முதல் தளத்தில் நிற்கலாம். பின்னால் ஆட்கள் வர வர, முன்னால் நிற்பவர் தள்ளுப்பட்டு, அடிக்கத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்து ஓட்டம் எடுப்பார். நான் ஐந்து பேரை நடக்க விட்டேன். நாலாமவர் நடந்ததில் சமன், ஐந்தாமவர் நடந்ததில் தோல்வி. என் இருபது பந்தில் ஒன்றையும் அவர்கள் அடிக்கவில்லை. ஒன்று மட்டும் வேலியோரம் நின்ற நாய்க்குப் பட்டது.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீலன் மகளை ஏந்திக்கொண்டிருந்தான். அவனுடைய மூன்று வருடத்தை ஒரு காலையில் கரைத்துவிட்டு வந்து நிற்கிறேன்.

"சீலன், என்னை மன்னிச்சுக்கொள்..."

"ரூபன் போன் எடுத்தவன் அத்தான். தனக்குக் கை நொந்ததாம், தான்தான் மாத்தச் சொன்னவனாம்."

நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"பிறகு மற்ற மூண்டு பேரும் ஒராளுக்குப் பின்னாலை ஒராள் எடுத்தவங்கள். அவங்களுக்கும் கை நொந்ததாம். நாலு பேருக்கும் ஒரே நாளிலை கை நொந்திருக்கு. அத்தான், அப்பிடி என்னதான் செய்தனீங்கள்?"

அவன் சிரித்த சிரிப்பில் பிள்ளை எழும்பி அழுதது. நானும் அழுதேன். நான் பிழையாக ஏற்றி இறக்கிய நாலு பேரும், நான் மாட்டிக்கொண்ட நேரம் பார்த்து, என்னைக் காப்பாற்றத் தாங்களாகவே இறங்கியிருக்கிறார்கள். இன்றைக்கும் நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. லீக் போனது, ஆனால் ஒரு பெடியனும் சீலனை விட்டுப் போகவில்லை. ஒரு வருடம் பூங்காவில் சும்மா விளையாடி, அடுத்த வருடம் திரும்பவும் லீக்கில் ஏறினார்கள். எனக்குத் தேத்தண்ணி ஊற்றும் பொறுப்பு மட்டும்.

அன்று பிறந்தவளுக்குப் போன மாதம் ஏழு வயது. கேக்கை எடுத்துவரும் வேலை என்னுடையது. துப்புரவாக மறந்து, வெறுங்கையோடு வாசலில் போய் நின்றேன். வீடு நிறைய ஆட்கள்.

"நான்தான் இவருக்கு ஞாபகப்படுத்த மறந்துபோனன்" என்றாள் என் மனைவி, தன் தோளைத் தடவியபடி. "எனக்குக் கை நோகுது."

"எனக்கும்" என்றான் ரூபன். "எனக்கும்" என்றான் சீலன். கேக் இல்லாத பிறந்தநாள்காரி ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"மாமா, எனக்கும் கை நோகுது."