சுறாவின் மூக்கைப் பார்க்காதவர்கள்

சுறாக்காரர் என்று ஓர் இனம் உண்டு. சுறா பிடித்து விற்றுப் பிழைக்கிறவரைச் சொல்லவில்லை. அவர் பாவம், உழைப்பாளி. வாரமெல்லாம் குழாய் ரிப்பேரோ பல் வைத்தியமோ பார்த்துவிட்டு, சனிக்கிழமை விடிந்ததும் தன் சொந்த இருபதடிப் படகில் ஏறி, கரை மறைகிற தூரம் போய், அரைத்த மீன்கூழை வாளி வாளியாகக் கடலில் கரைத்து, அந்த நாற்றத்துக்கு நடுவில் ஏழு மணி நேரம் உட்கார்ந்து, கடைசியில் ஒரு சுறா மாட்டினால் அதை அளந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுகிறாரே, அவரைத்தான் சொல்லுகிறேன். விடுவதற்கு எதற்குப் பிடித்தார்? வந்து சொல்வதற்கு.

லாங் ஐலண்டின் தென்கரையில், எங்கள் துறையில் மட்டும் இப்படிப் பதினொரு படகுகள். பதினொன்றுக்கும் பெண்டாட்டி பெயர். அவள் பேச்சைக் கேட்காததற்கு ஈடாகப் படகுக்கு அவள் பெயரை வைத்துவிடுவார்கள்.

சுறாக்காரரை அடையாளம் காண்பது சுலபம். கையை விரிக்காமல் அவருக்குப் பேச வராது. பேசப் பேச இரண்டு கையும் விலகிக்கொண்டே போகும். பக்கத்தில் உட்கார்ந்தவர் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். மீன் கடிக்கவில்லையா? குற்றம் காற்றின்மேல். காற்று சரியா? அப்போது நீரோட்டத்தின்மேல். அதுவும் சரியென்றால் யாரோ படகில் வாழைப்பழம் ஏற்றிவிட்டார்கள். வாழைப்பழம் ஏறிய படகில் மீன் கடிக்காது என்பது அவர்கள் வேதம். நார்பர்ட் கொவால் என்கிற சுறாக்காரர், மனைவி லொரேன் ஆசையாகச் சுட்டுக் கொண்டுவந்த வாழைப்பழக் கேக்கை, ஒரு விள்ளல்கூட வாயில் போடாமல் கடலில் எறிந்தார்.

"கேக்குல ஏது பழம்? மாவும் முட்டையும்தான்!"

"வாசனை வருது லொரேன். சுறாவுக்குத் தெரிஞ்சுடும்."

"ரெண்டு வாளி அழுகின மீனுக்கு நடுவுலயா தெரியும்?"

அவர் நீரோட்டத்தைப் பார்த்தார்.

அன்றைக்கு லொரேன் படகில் வந்ததே தற்செயல். கூடப் போகிற மச்சானுக்கு முட்டிவலி. துறையில் சுறாக்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதன் சட்டப்படி, பிடித்துத் திரும்ப விட்ட சுறாவுக்குக் கண்ணால் பார்த்த சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். ஏழடி இருந்தால் சங்கச் சுவரில் பித்தளைத் தகட்டில் பெயர் ஏறும். முன்னெல்லாம் பத்து வருஷத்துக்கு ஒரு பெயர் ஏறினால் அதிசயம். இந்த மூன்று வருஷத்தில் மளமளவென்று பத்துப் பெயர் ஏறிவிட்டது. கடல் சூடாகிவிட்டது, சுறா பெருத்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். ஏறாத ஒரே பெயர் நார்பர்ட்.

கேக் போன அரை மணியில் தூண்டில் சக்கரம் கிறீச்சிட்டது. நீலச்சுறா. நாற்பது நிமிஷம் இழுத்து, வியர்த்து, திட்டி, கெஞ்சிப் படகோரம் கொண்டுவந்தார். நார்பர்ட்டின் பேர்பெற்ற அளவுகோலைத் தண்ணீரில் சுறாவை ஒட்டிப் பிடித்தார்கள். மூக்குப் பக்கம் லொரேன், வால் பக்கம் நார்பர்ட்.

"ஏழு! லொரேன், ஏழு!"

தூண்டில் கம்பியை நறுக்கினார். சுறா ஒரு நெளி நெளிந்து போயே போய்விட்டது. நார்பர்ட் வாளிமேல் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். லொரேனுக்கு மனசு இளகிவிட்டது. கையெழுத்து விஷயத்தில் மட்டும் இளகவில்லை.

ஏனென்றால் அவள் பிடித்திருந்த முனையில் கோல் 'ஒன்று' என்கிற எண்ணில்தான் தொடங்கியது. மூன்று வருஷத்துக்கு முன்னால், படகறைக்குள் கோல் அடங்கவில்லை என்று நார்பர்ட் அதில் ஓரடியை அறுத்தார். அன்றைக்கும் மறுமுனையைப் பிடித்தவள் லொரேன்தான். "நார்பர்ட், தப்பான பக்கம் அறுக்கறே" என்றாள். "ஆட்டாமப் பிடி, பேசாதே" என்றார்.

"ஆறடி," என்றாள் திரும்பும் வழியில். "நல்ல பெரிய சுறா. நானே பயந்துட்டேன். ஆறுன்னு எழுது, ரெண்டு கையாலயும் கையெழுத்துப் போடறேன்."

"ஆறடிக்குத் தகடு கிடையாது லொரேன்."

சாயங்காலம் சங்கத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். தலைவர் சால் பெட்ரோன் தாளையும் பேனாவையும் நீட்டினார். லொரேன் கோலை மேசைமேல் வைத்தாள்.

"இதுல பூச்சியம் எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்."

சால் குனிந்து தேடினார். பக்கத்திலிருந்த இன்னொரு சுறாக்காரர் ஆர்ட்டி குனிந்தார். வரிசையாகப் பத்துப் பேர் குனிந்தார்கள். நிமிரும்போது ஒருவர் முகத்திலும் ரத்தம் இல்லை. நேர்த்தியான வேலைப்பாடு என்று அந்தக் கோலை இரவல் வாங்கி, பக்கத்தில் பலகை வைத்து, கோட்டுக்குக் கோடு நகல் எடுத்தவர்கள் அந்தப் பத்துப் பேரும். ஒருவராவது மூக்குப் பக்கம் பார்த்திருக்க வேண்டாமா? எதற்குப் பார்ப்பார்கள்? சுறாக்காரருக்கு வேண்டிய எண் எப்போதும் வால் பக்கம்தான் இருக்கிறது.

சால் சுவரைப் பார்த்தார். புதுத் தகடுகள் பத்தும் பளபளவென்று அவரைப் பார்த்தன. அவற்றில் முதல் தகடு அவருடையது.

தொண்டையைச் செருமிக்கொண்டு, "லொரேன், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வாலு எந்த எண்ல இருந்துச்சு?" என்றார்.

"ஏழுல."

"அவ்வளவுதான். அதை எழுதுங்க."

"மூக்கு ஒண்ணுல இருந்துச்சே?"

"தாள்ல மூக்குக்கு இடம் இல்லம்மா," என்றார் ஆர்ட்டி அவசரமாக.

லொரேன் பேனாவை வாங்கினாள். 'வால் ஏழில் இருந்தது' என்று எழுதினாள். இடம் இல்லாவிட்டால் என்ன, ஓரத்தில் 'மூக்கு ஒன்றில் இருந்தது' என்றும் எழுதி, அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். சால் அந்த ஓரத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு உரக்க வாசித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். பதினொன்றாவது தகடும் ஏறியது. நார்பர்ட் மட்டும் அதற்கப்புறம் சங்கத்தில் அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்காருகிறார். கை விரிகிறது, முன்போல அகலமாக விரிவதில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அப்புறம் உங்கள் மகளின் மார்க்கையும், வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தையும், அந்தக் காலத்தில் நீங்கள் நடந்தே பள்ளிக்கூடம் போன தூரத்தையும் எந்தக் கோலால் அளந்து வருகிறீர்களோ, அதைக் கொஞ்சம் எடுத்து மூக்குப் பக்கம் பாருங்கள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி வீட்டிலேயே இருக்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும். இதுவரை நீங்கள் அவளிடம் கையெழுத்துக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.